அம்மாவின் மேட்டில் தாள் இல்லை

மார்ச் 21
அம்மாவின் கல்லறை இருக்கும் குன்றை வெட்டிச் சாலை போடப்போவதாக ஊர்க் குழு அறிவிப்பு ஒட்டிவிட்டது. முன்னோரை வணங்கும் சிங்மிங் அன்று எல்லோரும் கல்லறையைச் சுத்தம் செய்து, மேட்டில் மஞ்சள் தாள்களைக் கல் வைத்துச் செருகுவார்கள். தாள் இல்லாத மேடு வாரிசற்றது; இடித்துவிடுவார்கள். தாள் உள்ள மேடுகளுக்கு இன்னும் மேலே புது இடம் தருவார்கள்.

அண்ணன் வெய்பின் இரண்டு வருடமாகப் போகவில்லை.

மார்ச் 24
இதே நினைப்பில், என் ஜிப் கடையில் கறுப்பு ஜிப் கேட்டவருக்குப் பழுப்பை அனுப்பிவிட்டேன். கடை தொடங்கியதிலிருந்து இப்படி நடந்ததில்லை.

மார்ச் 27
போன் செய்தேன். "அண்ணே, தாள மட்டுமாவது செருகிட்டு வந்துடு."

"தேயிலைக் கடை படுத்துக் கிடக்கு. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அம்மா முன்னால நிக்க?"

"அப்ப நான் போறேன்."

"ஏறித்தான் பாரு! கட்டிக்குடுத்த பொண்ணு அங்க ஏறினா அண்ணன் வீட்டு அதிர்ஷ்டத்த அள்ளிட்டுப் போயிடுவா. போன வருஷமே திருட்டுத்தனமா ஏறினவதானே? உன் கடை மட்டும் எப்படிச் செழிக்குது?"

நான் ஏறவே இல்லை. அடிவாரம் வரை போய்த் திரும்பினேன். சொன்னால் நம்புவானா?

மார்ச் 30
சொல்லாமல் போய் வைத்துவிட்டால்? பிறகு அவன் கடை மூடினால் என்னால்தான் என்பார்கள். நானும் நம்பிவிடுவேன் — அந்தப் பயம்தான்.

ஏப்ரல் 2
நேரிலேயே போய்விட்டேன். அண்ணி மெய்யுன் கதவைத் திறந்தாள். "வா, வா. உன் அண்ணன் தேயிலைய வறுக்கறத விடப் பயத்தத்தான் நல்லா வறுக்கறாரு."

"நீ சும்மா இருடி" என்றான் உள்ளிருந்து.

உட்கார்ந்தேன். "என்னால நஷ்டம் வரும்னுதானே பயப்படற? அந்த நஷ்டத்துக்கு நான் பொறுப்பு."

"மொத்தமாவா?"

"அத உக்காந்து பேசலாம்."

அண்ணி சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை, ஆனால் டீ ஊற்றினான். இப்படி ஒரு பேரத்தை வேறு யாராவது பேசியிருந்தால் முட்டாள் என்றிருப்பேன்.

ஏப்ரல் 5
சிங்மிங். தூறல். அண்ணன் புல்லை வெட்டினான், கல்லறைக் கல்லின் எழுத்துகளுக்குச் சாயம் தீட்டினான். அண்ணி சிப்பி முட்டை அடையைப் படைத்தாள். முதல் தாளை அவன் செருகினான். அடுத்தது நான். நான் வைத்த கல் உருண்டுவிட்டது. எடுத்துக் கொடுத்தவன் அவன்தான். "ஒழுங்கா வையி, காத்துல பறந்துடும்."

குழுவின் ஆள் வந்து பார்த்து, புது இடத்துக்கு அம்மாவின் பெயரை எழுதிக்கொண்டார்.

பேசி முடித்தது: வருடா வருடம் நானும் ஏறுவேன், முதல் தாள் அவனுடையது. அவன் கடையில் நஷ்டம் வந்தால் பாதி என் தலையில். லாபம் வந்தால் முழுவதும் அவனுக்கு.