சிவப்பு மாலையில் ஒரு பச்சை மணி

என் தங்கை பெற்ற ராஜாத்திக்கு, மாமாவின் ஸலாம்.

யாருமே நம்பாத கதை ஒன்றை எழுதுவதாக இதனால் உறுதி கூறுகிறேன்.

உன் அம்மா மௌத்தாகிக் கண்ணை மூடுவதற்கு முன், உன் கல்யாண மாலைக்காக மணிகளையெல்லாம் நூலில் கோத்து வைத்திருந்தாள் அல்லவா? அதைக் குரோஷா ஊசியால் கயிறாகப் பின்னும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. பின்னப் பின்ன மாலை வளர்ந்து, ஜன்னல் வழியே இறங்கி, வயலெல்லாம் தாண்டி நீடாமங்கலம் ஸ்டேஷனுக்கே போய்விட்டது. சிவப்புக் கொடி என்று நினைத்து ரயிலை நிறுத்திவிட்டார்கள்!

மாலையைக் கெஞ்சிக் கூட்டிவந்து உனக்கு ஃபோட்டோ அனுப்பினேன். நீ ஷார்ஜாவிலிருந்து பேசினாய். "சிவப்புக்கு நடுவுல ஒரு பச்சை மணி இருக்கு மாமா. அம்மா தப்பா கோத்துட்டாங்க. எடுத்துடுங்க."

பின்னிய பிறகு ஒரு மணியை எடுக்க வேண்டுமானால் குறடால் உடைப்பதுதான் வழி. குறடை வைத்தேன். பச்சை மணி பூசணிக்காயாக வீங்கியது. குறடு பாம்பாக நெளிந்து கொல்லைக்கு ஓடியது. துரத்திப் பிடித்துவந்து மறுபடியும் வைத்தேன்.

அடுப்படியிலிருந்து உன் அம்மா அதட்டினாள். "கீழ வைண்ணே அதை! கண்ணு மங்கினப்புறம் கோத்தது. இருந்துட்டுப் போவட்டும்."

அவளுக்குக் கண் மங்கியிருந்ததே எனக்கு அப்போதுதான் தெரியும். உன்னிடமும் சொல்லியிருக்க மாட்டாள்.

மணியை உடைக்கவில்லை. மாலையை அப்படியே அனுப்புகிறேன். போட்டுக்கொள்வதும் பெட்டியில் வைப்பதும் உன் இஷ்டம்.

ரயில், பூசணிக்காய், பாம்பு எல்லாம் புளுகு. அந்தக் குரல் மட்டும் நிஜம்.

இப்படிக்கு,
உன் புளுகு மாமா