கழுத்துக்குப் பூசாத கரி

நேற்று மத்தியானம் டிவியில் அந்தப் படத்தைப் போட்டான். பணக்காரத் தம்பதிக்காக ஒரு மலைக்காரி பிள்ளை சுமந்து பெற்றுக் கொடுத்துவிட்டுப் போவாளே, அதே பழைய படம். அவள் முகத்தைப் பார்த்ததும் ரிமோட்டைத் தேடி நிறுத்தினேன். இதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? நீ போய்ச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது.

தியாகதுருகம் சாலையில் எங்கள் ஊர் பால்வாடியில் அப்போது நான் டீச்சர், நீ கல்வராயன் மலையிலிருந்து வந்த சமையல்காரி. மிளகு பறிக்கக் கேரளா போன உன் புருஷன் திரும்பவேயில்லை; உனக்கு வயிற்றில் எட்டு மாதம். என் அண்ணிக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷம், பிள்ளை இல்லை. பிறந்ததும் குழந்தையை அண்ணிக்கு வாங்கிக்கொள்வதென்று எங்கள் வீட்டில் முடிவு செய்துவிட்டார்கள். உன்னைச் சம்மதிக்க வைக்கிற வேலை என்னுடையது. நீ ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. அந்தப் படத்தைப் பார்த்தால் மனசு இளகிவிடும் என்று, மூளை கெட்டுப்போய், உன்னைக் கள்ளக்குறிச்சிக்குக் காலைக்காட்சிக்குக் கூட்டிப்போனேன்.

தியேட்டரே மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தது. நீ மட்டும் சிரித்தாய்.

"மூஞ்சிக்குக் கரி பூசிக்கினு வந்தவ, கழுத்துக்குப் பூச மறந்துட்டாளே டீச்சர்."

மலையில் எவள் இப்படிப் பாசிமணி மாட்டிக்கொண்டு வார்த்தைக்கு வார்த்தை சாமி போடுகிறாள் என்றும் கேட்டாய். உன்னை அடக்கினேன். கடைசியில் குழந்தையைக் கொடுத்துவிட்டு அவள் கும்பிட்டபடியே பஸ் ஏறியபோது நீ சிரிக்கவில்லை. "இம்மா நேரம் ஓடுச்சே, அந்தப் பொண்ண எவனாச்சும் ஒரு வார்த்த கேட்டானா?" என்றாய். எனக்கு எரிச்சல்தான் வந்தது. சினிமாதானே, விடு என்றேன்.

வெளியே வந்தால் பஸ் இல்லை. எண்பத்தேழில் இட ஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த சமயம். நாம் படம் பார்த்து முடிப்பதற்குள் சாலை நெடுகப் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். நடந்தோம். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு கிளைகளைத் தாண்டினாய். இரண்டாவது மரத்தருகே கோடாலியும் கழியுமாக நின்ற கூட்டம் மறித்தது. என்னைத் தெரிந்த ஒருவர் உன்னைக் காட்டி, "இது யாருங்க?" என்று கேட்டார். வேற்று ஆள் என்று தெரிந்தால் விடமாட்டார்கள். எப்படியாவது உன்னைத் தாண்ட வைத்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில் சொன்னேன்:

"எங்க அண்ணிக்குப் புள்ள பெத்துக் குடுக்கப் போறவ."

வழிவிட்டார்கள். நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். அதன்பின் எங்கள் வீடு வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தாய்.

வாசலில் அண்ணி தண்ணீர்ச் சொம்போடு ஓடி வந்தாள். எம்புள்ளைக்கு ஒண்ணும் ஆவலையே என்று உன் வயிற்றைத்தான் தொட்டாள். நீ சொம்பை வாங்கவில்லை.

"இது எம்புள்ளைங்க. நான் குடுக்கல."

அண்ணி அங்கேயே உட்கார்ந்து அழுதாள். நீ என்னைப் பார்த்தாய், நான் ஒரு வார்த்தை சொல்வேன் என்று. நான் தரையைப் பார்த்தேன். வெட்கங்கெட்டவள் நான். அந்த வெயிலில், வந்த வழியே, அத்தனை மரங்களையும் மறுபடி தாண்டித் தனியாகப் போனாய். கூட நாலடி நடந்திருக்கலாம் நான்.

பால்வாடிக்கு நீ திரும்பவில்லை. ஆனால் இரண்டு வருஷம் கழித்து, இடுப்பில் பிள்ளையோடு, ஒரு பலாப்பழம் கொண்டுவந்து வைத்தாய். அப்புறம் வருஷா வருஷம் வந்தாய். மன்னிப்புக் கேட்க நான் வாயெடுக்கும்போதெல்லாம் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிடுவாய்.

நீ போன சேதியைச் சொல்ல உன் மகள்தான் வந்தாள். அவளிடமாவது சொல்லித் தொலைத்துவிடலாம் என்று, "நீ வயித்துல இருக்கச்சே உன்ன வேற வூட்டுக்குக் குடுக்கப் பாத்தவ நான்தாம்மா" என்றேன்.

"தெரியுங்க, அம்மா சொல்லியிருக்காங்க. கீழ எனக்கு ஒரு சிநேகிதி இருக்கான்னுதான் ஆரம்பிப்பாங்க. அதுக்கப்புறந்தான் அதச் சொல்வாங்க."

நீ என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். சிநேகிதி என்ற அந்த வார்த்தையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியாமல்தான் அலைகிறேன்.