மைசூரில் ஒரு புரூட்டஸ்

5 செப்டம்பர் 1947, வெள்ளி

வகுப்பில் பாதி பெஞ்சு காலி. டில்லியில் கொடி ஏறி மூன்று வாரம் ஆகிறது. இங்கே மைசூரில் இன்னும் மகாராஜாவின் திவான் ஆட்சி; மக்களாட்சி கேட்டு தினம் ஊர்வலம். வந்திருந்த பதினோரு பேரோடு வெள்ளிக்கிழமை விளையாட்டு: இன்றைய தலைவர்களுக்கு ரோமாபுரியில் ஜோடி தேடுவது. நேருவுக்கு மூத்த கிராக்கஸ் என்றார்கள். பெரிய வீட்டில் பிறந்து ஏழைக்குப் பேசியவனாம். சரி. காந்திக்குத்தான் ஆளே அகப்படவில்லை. பட்டினி கிடந்து ஜெயித்தவன் ரோமில் ஏது?

இந்த விளையாட்டில் என்னையே மடக்குகிற பெர்னார்ட் இன்று ஊர்வலத்தில். என் மகன், என் வகுப்பிலேயே மாணவன். அவன் அம்மா போனபின் வீட்டில் நாங்கள் இருவர்தான்.

9 செப்டம்பர்

ஊர்வலம் போகிற மாணவர் பெயர்களை வகுப்பாசிரியர் எழுதித் தர சர்க்கார் உத்தரவு. தலைமையாசிரியர் ரத்தினசாமி தனியே கூப்பிட்டார். "உங்க பையன் பேரை விட்டுடுங்க மதலைமுத்து. யாரு பாக்கப் போறா?"

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷமாக எந்தக் கதையைச் சொல்லிக்கொடுத்தேன்? சீசரைக் குத்தியவனல்ல, அவனுக்கு முந்தைய புரூட்டஸ் — சதி செய்த பெற்ற பிள்ளைகளுக்கே மரண தண்டனை கொடுத்து, நின்று பார்த்தவன். ஊரார் பிள்ளைக்கு ஒரு நியாயம், என் பிள்ளைக்கு ஒரு நியாயமா? பெர்னார்ட் பெயரை முதலில் எழுதினேன். கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சாப்பிடும்போது புரூட்டஸ் கதையோடு அவனிடமே சொன்னேன். நிமிர்ந்து பார்த்தான். கை கழுவ எழுந்து போனான்.

11 செப்டம்பர்

பள்ளியை விட்டு நீக்குவார்கள் என்றுதான் நினைத்தேன். பட்டியலைப் பிடித்துக்கொண்டு போலீஸ் வந்தது. ஜெயிலில் போட்டுட்டாங்க. ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்!

14 செப்டம்பர்

ஜெயிலுக்குப் போனேன். பார்க்க மாட்டேன் என்றுவிட்டான்.

20 செப்டம்பர்

சமையல்கார கெம்பம்மாவிடம் சோறு கொடுத்தனுப்பினேன். "தம்பி சாப்பிட்டாருங்க. உங்களைப் பத்தி ஒண்ணும் கேக்கலீங்க."

காலி கேரியரில் ஒரு துண்டுச் சீட்டு. 'புரூட்டஸ் ராஜாவை விரட்டியவன். ராஜா பக்கம் சேர்ந்ததற்குத்தான் மகன்களைத் தண்டித்தான். நீங்கள் ராஜா சர்க்காருக்குப் பெயர் கொடுத்தீர்கள். ஒப்பீடே தப்பு, சார்.'

அப்பா என்று எழுதவில்லை.

தப்புத்தான். முப்பது வருஷம் சொல்லிக்கொடுத்தவனுக்கு இது தெரியவில்லையே!

2 அக்டோபர்

பள்ளியும் மூடிக் கிடக்கிறது. பேச ஆளில்லாமல் சுவர்ப் பல்லிக்கு சுல்லா என்று ஒரு ரோம சர்வாதிகாரியின் பேரை வைத்தேன். அதுவும் நகர்ந்துவிட்டது.

14 அக்டோபர்

சர்க்காரோடு சமரசம் ஆகி, எல்லோரையும் விட்டார்கள். எங்கள் பேட்டை மண்டி மொஹல்லா முழுக்க மாலையும் மேளமும். ஜன்னலில் நின்றிருந்தேன். பெர்னார்ட் நம் வாசலைத் தாண்டிப் போனான், திரும்பவில்லை. என் மனைவியின் அக்கா டோரதியோடு கோலார் தங்கவயலுக்கு ரயிலேறிவிட்டானாம்.

27 அக்டோபர்

டோரதியின் கடிதம். அங்கே பள்ளியில் சேர்க்க மாற்றுச் சான்றிதழ் வேண்டுமாம். வகுப்பாசிரியர் நான்தானே, எழுத உட்கார்ந்தேன். நடத்தை: மிக நன்று. விலகும் காரணம் என்ற இடத்தில் 'பெற்றோர் விருப்பம்' என்று எழுதுவது வழக்கம். நான் 'தகப்பன்' என்று எழுதினேன்.

ரத்தினசாமி படித்தார். முத்திரை குத்திக் கொடுத்தார்.