என் பெயரில் ஒரு வழக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சாப்பாட்டுக்குப் பிறகுதானே மாத்திரை போடுகிறீர்கள்?

ஒரு சின்ன விஷயம், பதறாதீர்கள். படுக்கையில் கிடப்பவர்களை வீடு வீடாகப் போய்க் கவனிக்கக் கடனில் கார் வாங்கினேனே, அந்த நிதி நிறுவனம் எனக்குத் தெரியாமலே இரண்டாவதாக ஓர் இன்சூரன்ஸையும் கடனோடு சேர்த்துத் தவணையை ஏற்றியிருக்கிறது. என்னைப் போல நானூறு பேர் ஏமாந்திருக்கிறோம். எல்லோருக்குமாகச் சேர்த்து ஒரே வழக்கை என் பெயரில் போட்டிருக்கிறோம்.

போன வாரம் நிறுவனத்து மேனேஜர் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "உங்க பணத்தை இன்னைக்கே தந்துடறோம். வழக்கை வாபஸ் வாங்கிடுங்க" என்றார்.

"மத்தவங்களுக்கு?"

"அது உங்களுக்கு எதுக்கும்மா?"

உங்கள் முழங்கால் ஆபரேஷனுக்கு ஆகுமே என்று ஒரு நிமிடம் மனம் ஆடியது உண்மை. ஆனால் எங்கள் நானூறு பேரில் ஒருவர், தவணை கட்ட முடியாமல் காரைப் பறிகொடுத்த தையல்கார அக்கா வெளியே எனக்காகக் காத்திருந்தார். "எல்லாருக்கும் குடுக்கிறப்ப எனக்கும் குடுங்க சார்" என்று எழுந்துவிட்டேன்.

நேற்று நீதிபதி, நானூறு பேருக்கும் சேர்த்தே வழக்கை நடத்தலாம் என்று உத்தரவிட்டார். அக்கா வெகுநேரம் என் கையை விடவில்லை. உங்கள் ஆபரேஷன் கொஞ்சம் தள்ளிப்போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். வழக்கை நான் விடப்போவதில்லை.

இங்கே குளிருக்கு ஒரு ஜோடி கம்பளிக் காலுறை அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிடும்போது, பேச ஒன்றுமில்லை என்று போனை வைத்துவிடாதீர்கள். போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சத்தமாகப் பேப்பர் படியுங்கள், நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

அடுத்துப் போகவேண்டிய வீட்டில் பெரியவரைக் குளிப்பாட்ட நேரமாகிவிட்டது, ஓடுகிறேன்.

உங்கள் மகள்