குவைத் பெட்டியில் வந்த மாத்திரை

ஜூலை 6, 2025, ஞாயிறு
குவைத்திலிருந்து கொழுந்தன் அருள்தாஸ் வந்திருக்கிறார். பெட்டியில் சோப்பு, தைலம், பால் பவுடர், கூடவே இவருக்கு மூட்டுவலி மாத்திரை. "ஒண்ணு போட்டா வலி பறந்துரும்ணே, அங்க எல்லாரும் இதத்தான் போடுறோம்." வேளாங்கண்ணிக்கு நடந்தே போக வேண்டுமென்று இவருக்கு ஆசை. முட்டிதான் விடவில்லை. இன்றே ஒன்று போட்டுக்கொண்டார்.

ஜூலை 27
வலி இல்லையாம், வரப்பு வெட்டுகிறார். முகம் உப்பியிருக்கிறதே என்றேன். "நான் சொகமா இருந்தா ஒனக்குப் பொறுக்காதே, மெர்லின்." சரிதான் போங்க!

ஆகஸ்ட் 14
வாந்தி, வயிற்றுவலி, விடாத இருமல். புதுக்கோட்டையில் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வேறு மாத்திரை ஏதும் சாப்பிடுகிறாரா என்று டாக்டர் இசைவாணி கேட்டார். இல்லை என்றேன்.

ஆகஸ்ட் 15
மூச்சுத் திணறுகிறது. ஆக்சிஜன். உள்ளே விடமாட்டேன் என்கிறார்கள். வாசலிலேயே நடக்கிறேன் – என்னதான் செய்யுது இவருக்கு?

ஆகஸ்ட் 16
சளியில் புழுவாம். சளியில்!

"வெறுங்கால்ல வயல்ல எறங்குறவங்களுக்குத் தோல் வழியா ஏறும். வருஷக்கணக்கா கொடல்ல சும்மா கெடக்கும். ஒடம்போட எதிர்ப்பு கொறஞ்சாத்தான் இப்படி நுரையீரல் வரைக்கும் பரவும். நல்லா யோசிங்க, என்ன சாப்பிட்டாரு?" என்று கேட்டார் டாக்டர்.

அப்போதுதான் உறைத்தது. அட மாதாவே! சோப்போடும் தைலத்தோடும் வந்ததை மருந்து என்று யார் நினைத்தது? வீட்டிலிருந்து மாத்திரை அட்டையைக் கொண்டுவரச் சொல்லிக் காட்டினேன். ஸ்டீராய்டாம். எதிர்ப்பை அமுக்குவதே அதுதானாம். திடீரென்று நிறுத்தவும் கூடாதாம், கொஞ்சங்கொஞ்சமாகக் குறைக்க வேண்டுமாம். புழுவுக்கு மருந்து ஆரம்பித்துவிட்டார்கள். பிழைத்துக்கொள்வாரா என்று கேட்டேன். "இப்ப எதுவும் சொல்ல முடியாதும்மா" என்றார்.

ஆகஸ்ட் 17
குவைத்துக்குத் திரும்பிப்போன அருள்தாஸ் போனில் அழுதார். வாய்க்கு வந்தபடி கத்திவிட்டேன். அப்புறம்தான் நினைவு வந்தது, அவரும் அதையேதானே தின்கிறார்! திரும்பக் கூப்பிட்டேன். "நீங்களா நிறுத்திறாதீங்க. மொதல்ல டாக்டரப் பாருங்க."

ஆகஸ்ட் 19
அப்படியேதான் இருக்கிறார். பயமா இருக்கு.

ஆகஸ்ட் 28
கஞ்சியில் உப்பில்லை என்று காலையிலேயே சண்டை. "ஆஸ்பத்திரிக் கஞ்சிய நானா காச்சுனேன்?" என்றேன். விடவில்லை. ஊறுகாய் ஏன் வாங்கவில்லை, மாட்டை யார் பார்க்கிறார்கள், வாய்க்காலை யார் அடைத்தது என்று ஒன்று மாற்றி ஒன்று. நானும் விட்டுக்கொடுக்கவில்லை. நர்ஸ் வந்து இரண்டு பேரையும் அதட்டினார். இடையில் ஒரு இருமல் இல்லை, ஒரே மூச்சில் திட்டி முடித்தார்.