தானாக விழும் பழம்

புரட்டாசி 14, செவ்வாய்

களை எடுத்து முடித்த இடத்தில் ஒரே ஒரு செடி மட்டும் நின்றது. ஏலக்காய்த் தோட்டத்து ஓரம், ஜீப்பு நிற்கும் வெயில் மேட்டில், சொடக்குத் தக்காளி. காகித விளக்கு மாதிரிப் பச்சை உறைகள் தொங்கின. வேலையில் மெத்தனம் என்று நினைத்து, மேற்பார்வைக்குப் போன நானே பிடுங்கி எறிந்தேன். என் கை எப்போதும் எனக்கு முன்னால் ஓடிவிடும்.

களை எடுக்கும் ராசாத்தி ஓடி வந்தாள்.

“என்னக்கா இப்படிப் பண்ணிட்டீங்க? மக முழுகாம இருக்கா. எதத் தின்னாலும் வாந்தி. இந்தப் பழம் ஒண்ணுதான் கேட்டா. அதான் எல்லாருமாச் சேந்து விட்டு வச்சோம்.”

“காயப் பறிச்சிட்டுப் போ. வீட்ல வச்சாப் பழுக்கும்” என்றேன்.

“காயி கசக்கும்க்கா. இது தானா விழுந்தாத்தான் பழம்.”

கோபமே இல்லாமல் சொன்னாள். அதுதான் உறுத்துகிறது. செடியைத் தண்ணீர்க் குழாய் ஓரம் மறுபடி நட்டாள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, குச்சி ஊன்றி அதற்கு நிழல் கட்டினாள். சாயங்காலம் வரை வெறுந்தலையோடு வேலை பார்த்தாள்.

மலையிலிருந்து போடிக்கு இறங்கியதும் சந்தையில் அந்தப் பழம் கிடைக்குமா என்று கேட்டேன். “அதெல்லாம் வெலைக்கு வராதுக்கா” என்று காய்கறிக்காரர் சிரித்தார்.

இப்போது மலைப் பக்கம் மின்னுகிறது. கண்ணை மூடினால் அந்த உறைகளுக்குள் மஞ்சளாக ஏதோ எரிகிறது. ஒன்று விழுகிறது, சத்தமே இல்லாமல். குனிந்து பார்க்கிறேன், இந்தக் கையை மட்டும் பின்னால் கட்டிக்கொண்டு.