அளவுக்கு நின்ற அண்ணி

கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த என் பூங்காவனம் அண்ணிக்கு,

உங்கள் படத்திறப்பு நல்லபடியாக முடிந்தது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். கச்சிராயபாளையத்தில் வேறு எந்த வீட்டுக் காரியத்திலும் இவ்வளவு சிரிப்புச் சத்தம் கேட்டிருக்காது. நீங்கள் இருந்திருந்தால் முதல் சிரிப்பு உங்களுடையதாகத்தான் இருந்திருக்கும். நீங்கள் இருந்திருந்தால் படத்திறப்பு எதற்கு? பாருங்கள், ஆரம்பத்திலேயே உளறுகிறேன்.

முதலில் நடந்த சண்டையைச் சொல்கிறேன். காரியத்துக்கு மூன்றே நாள் இருக்கும்போதுதான் ஒரு விஷயம் எங்களுக்கு உறைத்தது. சட்டம் போட்டு மாட்ட உங்களுக்கு ஒரு படம் கிடையாது. கல்யாணப் படத்தைக் கறையான் தின்று வருஷக்கணக்காகிறது. மற்ற படமெல்லாம் நீங்கள் எடுத்தவை. எடுத்தவர் எப்படி அதில் இருப்பார்?

பரணிலிருந்து ஆல்பங்களை இறக்கினோம். ‘செடி ஆல்பம்’ என்று காலமெல்லாம் கேலி செய்தோமே, அதே ஆல்பங்கள்தான். எதைப் படம் எடுத்தாலும் பக்கத்தில் அளவுக்கு ஓர் ஆள் நிற்க வேண்டும் என்பது உங்கள் சட்டம். கொல்லையில் பூசணி காய்த்தால் பக்கத்தில் அண்ணன் குந்த வேண்டும். புடலங்காய்க்குப் பக்கத்தில் என் சடை தொங்க வேண்டும். கரும்புக்குப் பக்கத்தில் அப்பா கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். யாராவது முணுமுணுத்தால், “பக்கத்துல ஆளு நின்னாதான அது எம்மாம் பெருசுன்னு தெரியும்” என்பீர்கள்.

அண்ணன் ஒவ்வொரு ஃபிலிம் ரோல் வாங்கும்போதும் புலம்புவார். அவனவன் பொண்டாட்டி பிள்ளையைப் படம் எடுக்கிறான், நம் வீட்டில் பாகற்காய்க்குத்தான் யோகம் என்பார். திருவண்ணாமலை போனபோது, மலைக்கும் அளவு வைக்கிறேன் என்று அவரை முன்னால் நிறுத்தி எடுத்தீர்கள். பிரிண்ட் வந்தபோது அண்ணன் மலையைவிட ஒரு தலை உயரமாக இருந்தார். அப்பா பதறிப்போய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டது நினைவிருக்கிறதா?

இப்போது புரட்டினால் அந்தச் செடி ஆல்பத்தில் நாங்கள் எல்லாரும் இருக்கிறோம். நான் பாவாடையில், தாவணியில், சேலையில். அப்பாவுக்குக் கரும்போடு கரும்பாக வருஷா வருஷம் தலை நரைக்கிறது. பிள்ளைகள் முருங்கைக்காய் உயரத்திலிருந்து முருங்கை மரம் வரைக்கும் வளர்ந்திருக்கிறார்கள். நீங்கள் ஒருவர்தான் இல்லை.

அண்ணன் உங்கள் ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறிவிட்டார். மாலையில் ஒரு பெரிய படத்தோடு வந்து இறங்கினார். கழுத்துக்கு மேலே நீங்கள். கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு பெண், சிவப்புப் பட்டும் காசுமாலையுமாக. பின்னால் எந்த நாட்டு அருவியோ கொட்டுகிறது. மலை ஏறினால் நம் பெரியார் அருவி இருக்கிறது, அது போதவில்லையாம்.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதீர்கள், சாமி வந்தவள் போல ஆடிவிட்டேன். எத்தனை வீட்டுப் படத்திறப்பில் இந்த மாதிரி ஒட்டுப்போட்ட படத்தைப் பார்த்துவிட்டு, என் இடுப்பில் இடித்து, “யாரு வூட்டுக் கழுத்துடி இது” என்று கேட்டிருப்பீர்கள். இப்போது உங்களுக்கே யார் வீட்டுக் கழுத்தோ வந்து சேர்ந்திருக்கிறதே.

நான் கத்தி முடித்தேன். பிறகு அண்ணன் தலை நிமிராமலேயே சொன்னார். “அவ ஒரு நாளும் பட்டு கட்டிக்கினு ஒரு படத்துல நிக்கலியே வசந்தா. இதுலயாவது கட்டிக்கட்டுமே.”

அவர் பாசம் அவருக்கு. ஆனால் அந்தக் கழுத்துக்கு மாலை போட்டுக் கும்பிட என்னால் ஆகாது. உங்கள் படம் உங்கள் படமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது.

என் வீட்டுக்காரர் அதுவரை ஒரு மூலையில் உட்கார்ந்து ஆல்பம் புரட்டிக்கொண்டிருந்தார். எழுந்து வந்து, ஒரு பக்கத்தை விரித்து அண்ணன் மடியில் வைத்துவிட்டு, மறுபடி மூலையில் போய் உட்கார்ந்தார். மறியல் படம் அண்ணி. அதை எப்படி மறந்தோம்?

நம் ஜனங்களுக்கு இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. நமக்குக் கடுக்காயும் சாமையும் கொண்டுவந்து கொடுக்கும் மலைக் குடும்பத்தில் பிள்ளைக்குக் காதுகுத்து என்று நீங்களும் நானும் காலை பஸ்ஸில் வெள்ளிமலைக்கு ஏறினோம். மறுநாள் பஸ் வரவில்லை. கீழே மறியலாம், ஊருக்கு ஊர் மரத்தை வெட்டி ரோட்டில் போட்டிருக்கிறார்களாம் என்று சேதி மட்டும் மலையேறி வந்தது.

நான் அழுதேன். நீங்களோ கிடைத்தது லாபம் என்று கேமராவோடு கிளம்பிவிட்டீர்கள். சாமைக் கொல்லையில் காற்றடிக்கக் காத்திருந்தீர்கள். வேலியில் செங்காந்தள் பூத்திருந்தது, அதற்கு என் கையை அளவுக்கு வைத்தீர்கள். அந்தப் பெரிய கடுக்காய் மரத்தடியில், காது குத்தின பிள்ளையையே கொண்டுபோய் நிறுத்தினீர்கள். அது காது வலியில் அழுதுகொண்டே அளவுக்கு நின்றது.

அடுத்த நாளும் பஸ் இல்லை என்றதும் நடந்தே இறங்கினோம். காதுகுத்து வீட்டு மலைக்காரர், அடிவாரத்து அணை கண்ணுக்குத் தெரியும்வரை துணைக்கு வந்துவிட்டுத் திரும்பினார். இனி நம் ஊர்தானே என்று கால் வலியோடு நடந்தால், ரோட்டுக்குக் குறுக்கே அந்தப் புளியமரம் கிடந்தது. நிற்கும்போது நிழலைத்தான் பார்த்திருக்கிறோம். படுத்த பிறகுதான் அது எவ்வளவு பெரிது என்று தெரிந்தது.

மரத்தைச் சுற்றி ஆண்கள். ஊர் பேர் கேட்டார்கள், சொன்னோம், வழி விட்டார்கள். அப்போது பார்த்து உங்கள் முந்தானை விலகிக் கேமரா வெளியே வந்தது. அத்தனை முகமும் மாறிவிட்டது. படம் எடுத்துப் போலீசில் கொடுக்கத்தான் வந்திருக்கிறோம் என்று ஒருவர் ஆரம்பித்தார், ஃபிலிமை உருவச் சொல்லி இன்னொருவர் கையை நீட்டினார். வெளிச்சம் பட்டால் மலையில் எடுத்ததெல்லாம் போய்விடும் என்று எனக்கே தெரியும்.

நீங்கள் நிதானமாகச் சொன்னீர்கள். “இதுல இருக்கறதெல்லாம் செடி தம்பி. செடி மேல கேஸ் போடுவாங்களா?”

யாரோ சிரித்துவிட்டார்கள். அத்தோடு நாம் நடையைக் கட்டியிருக்கலாம். நான் உங்கள் கையைக் கிள்ளவும் செய்தேன். நீங்கள் நகர்ந்தால்தானே? மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். அவர்கள் ஒதுக்கீடு கேட்டது ஞாயம்தான் என்று உங்களுக்கும் தெரியும், ஆனாலும் மரத்தைப் பார்த்து உங்கள் முகம் வாடிப்போயிருந்தது. வெட்டினது வெட்டியாச்சு, இது எவ்வளவு பெரிய மரமென்று நாளைக்கு ஒருத்தரும் நம்ப மாட்டார்கள், ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டீர்கள்.

அவர்களில் உயரமாக, தலையில் துண்டு கட்டிய ஒருவர், “எங்க மூஞ்சி விழக்கூடாதுங்க” என்றார்.

“அப்ப திரும்பி நில்லுங்க. எனக்கு அளவுக்கு ஆளுதான் வேணும், மூஞ்சி எதுக்கு?”

அவர் கொஞ்சம் யோசித்தார். “சரி. ஆனா நீங்களும் வந்து நிக்கணும். உங்க மூஞ்சி விழணும். நாளைக்கு இந்தப் படம் வெளிய போனா நீங்களும் சேர்ந்து மாட்டணும் இல்ல?”

அதுதான் ஜாமீன். நீங்கள் சிரித்துக்கொண்டே கேமராவைக் கழற்றி, முதன்முதலாக என் கையில் கொடுத்தீர்கள். எங்கே கண் வைப்பது, எதை அழுத்துவது என்று சொல்லிவிட்டுப் போய் மரத்தோடு நின்றீர்கள். அவர்கள் வரிசையாகத் திரும்பினார்கள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு அழுத்தினேன்.

வீட்டுக்கு வந்தால், இரண்டு நாளாகச் சோறு இறங்காமல் கிடந்த அண்ணன் உங்களைத் திட்டின திட்டு தெருமுனை வரை கேட்டது. மறியலில் மாட்டினதும் இல்லாமல் அங்கேயே நின்று போட்டோ வேறா என்றார். அந்தப் படத்தைக் கண்ணால் பார்க்க மாட்டேன் என்றார். பார்க்கவும் இல்லை.

அப்புறம் நடந்த கூத்து உங்களுக்குத் தெரியாததா? என்னைப் பெண் பார்க்க எலவனாசூர்கோட்டையிலிருந்து வந்தார்கள். மறியல் நடந்த சமயத்தில் நம் ஊரிலேயே அத்தை வீட்டில் தங்கிக் கரும்பு வெட்டு பார்த்த பையன் என்றார்கள். வெட்கத்தில் நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. காபி குடித்துவிட்டு, போகிறோம் என்று செருப்பு மாட்டத் திரும்பினார் பாருங்கள், எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த இடது தோள் சரிவை நான் கேமராவில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்திருக்கிறேன். உங்கள் காதில் சொன்னேன். நீங்கள் நேராக வாசலுக்குப் போய், “தம்பி, கொஞ்சம் அப்படியே திரும்பி நில்லுங்க” என்றீர்கள்.

மாப்பிள்ளையைத் திரும்பி நிற்கச் சொன்ன வீடு இந்தத் தாலுகாவிலேயே நம் வீடுதான். அவர் அம்மா விழித்தார். மாப்பிள்ளைக்குப் புரிந்துவிட்டது. காது சிவந்துபோய், திரும்பாமலேயே, “அந்தச் செடியெல்லாம் நல்லா வந்துச்சாங்க?” என்று கேட்டார். எனக்கு அந்த நிமிஷமே பிடித்துவிட்டது அண்ணி. இதை இவ்வளவு வருஷத்தில் உங்களிடம்கூடச் சொன்னதில்லை.

பின்னால் அந்த ஒதுக்கீட்டில்தான் என் மகள் காலேஜில் சேர்ந்தாள். அன்றைக்கு நீங்கள் ஆல்பத்தை எடுத்துவந்து, அந்தப் புளியமரத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகச் சொன்னீர்கள். அவளும் போட்டாள்.

அந்தப் படம்தான் இப்போது அண்ணன் மடியில் இருந்தது. நீளக் கிடக்கும் மரம். வரிசையாக முதுகுகள். நடுவில் நீங்கள், இடுப்பில் மலைக்காரர் கொடுத்த சாமை மூட்டை, கசங்கின நூல் சேலை, முகமெல்லாம் புழுதி, பல் தெரியச் சிரிப்பு.

அண்ணன் ரொம்ப நேரம் பார்த்தார். விரலால் புழுதியைத் துடைப்பது போலத் துடைத்தார். ஸ்டுடியோவில் சொன்னால் அந்த ஆட்களை எடுத்துவிட்டு அண்ணியை மட்டும் பெரிதாக்கித் தருவார்கள் என்று என் மகள் சொன்னாள். என் வீட்டுக்காரர் தன் முதுகைப் பற்றி அபிப்பிராயம் எதுவும் சொல்லவில்லை.

அண்ணன்தான் சொன்னார். “வாணாம்மா. ஆளுங்கள எடுத்துட்டா மரம் எம்மாம் பெருசுன்னு எப்பிடித் தெரியும்?”

பாகற்காய்க்கு வந்த யோகம் என்று புலம்பின மனுஷன் அண்ணி. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. சிவப்புப் பட்டுப் படம் இப்போது பீரோவுக்குள் இருக்கிறது, அண்ணன் மட்டும் பார்த்துக்கொள்ளட்டும். கூடத்தில் மாட்டினது மறியல் படம்தான், மரம், முதுகு, மூட்டை எல்லாமாகச் சேர்த்து. மாலையை எங்கே போடுவது என்று தெரியாமல் பந்தல்காரர் தவித்தார். கடைசியில் மரத்துக்கும் சேர்த்தே போட்டோம்.

என் வீட்டுக்காரர் போன் போட்டு, அந்த முதுகுகளில் இன்னும் நடமாட்டத்தில் இருப்பவர்களை வரவழைத்திருந்தார். தலை நரைத்து, தொப்பை வைத்து, ஒருவர் கம்பு ஊன்றிக்கொண்டு வந்தார்கள். எது யார் முதுகு என்று படத்தின் முன்னால் சண்டையே போட்டார்கள், அந்தச் சிரிப்புச் சத்தம்தான் நான் முதலில் சொன்னது. பிறகு ஓய்ந்து, வரிசையாக நின்று உங்களுக்குப் பூப் போட்டார்கள். நான் பின்னாலிருந்து செல்போனில் ஒரு படம் எடுத்தேன்.

எடுத்துப் பார்த்தால், மறுபடியும் எல்லாருக்கும் முதுகு. நடுவில் உங்கள் மூஞ்சி மட்டும், சிரித்துக்கொண்டு. இடது தோள் சரிவு அப்படியே இருக்கிறது.

அண்ணனிடம் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். அந்தக் கடுக்காய் மரம் இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். காது குத்தின பிள்ளைக்கே இப்போது பிள்ளை இருக்கிறது என்றேன். போனை என் கையில் கொடுத்துவிட்டு, “பொங்கல் கழிஞ்சி போலாம். அளவுக்கு நான் நிக்கறேன்” என்றார்.

நிறுத்துகிறேன் அண்ணி, இது உங்களுக்கு என் வாக்கு. அவரை மரத்தை ஒட்டியே நிறுத்துவேன், மரத்தைவிட உயரமாகிவிடாமல் பார்த்துக்கொள்வேன். என் வீட்டுக்காரரையும் பக்கத்தில் நிறுத்துவேன், இந்தத் தடவை மூஞ்சி விழும்படி.

உங்கள் புடலங்காய்க்கெல்லாம் சடையைத் தொங்கவிட்ட
நாத்தனார்,
வசந்தா